ஒரு மீற்றர், ஒரு வீடு

எனக்குத் தண்ணீர் அதிகம் குடிக்கும் பழக்கம் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடும்போது நான் வகுப்பு வாங்கிலேயே இருப்பேன். ஆகவே எனக்காக ஊற்றி வைத்த இந்தக் கிளாஸை எடுத்துவிடலாம், ஐயா. தட்டுப்பட்டால் உங்கள் தாள்கள் நனைந்துவிடும்.

என் குரல் சின்னது. கேட்காவிட்டால் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன். நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள்; நடந்ததை ஒழுங்காகச் சொன்னால், நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பது உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

என் பெயர் ராசமலர். லிங்கநகரில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். பேராதனையில் இரசாயனம் படித்தேன். பட்டம் பெற்ற பிறகு சில காலம் வேலையில்லாமல் இருந்து, துறைமுகப்பற்றுச் சபையின் தண்ணீர்ப் பகுதியில் சேர்ந்தேன். துறைமுகத்தைச் சுற்றியுள்ள வட்டாரங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுப்பது அந்தப் பகுதிதான். தண்ணீரைச் சோதிக்க ஒரு ஆள் தேவை என்று என்னை எடுத்தார்கள். கந்தோரின் பின் அறையில் எனக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, சோதனைச் சாமான்களுக்கு ஒரு அலுமாரி. கதிரைக்குப் பின்னால் ஒரு தகரப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. அதன் மூலையில் என் குடையைக் கொளுவுவேன்.

நான் சேர்ந்த மறுவருடம், எழுபத்தாறில், மாரி மழை ஏமாற்றிவிட்டது. வைகாசி பிறந்தபோது, எங்களுக்குத் தண்ணீர் வரும் குளத்தின் நடுவில் மாடுகள் நடந்து திரிந்தன. சபையின் செயலாளர் ஆனந்தராசா என்னை முன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லாரையும் பகிடி பண்ணிக்கொண்டே வேலை வாங்குவார்.

"பிள்ளை, நீர் கணக்கு விளங்கின ஆள். சனம் தண்ணியைக் குறைக்க வேணும். ஆனா ஏழையளின்ர வயித்தில அடிக்கவும் கூடாது. அப்பிடி ஒரு கட்டணம் போடேலுமோ?"

"ஏலும் ஐயா" என்றேன்.

உண்மையாகவே ஏலும். நான் மூன்று படிகள் போட்டேன். ஒரு குடும்பம் குடிக்க, சமைக்க, குளிக்கத் தேவையான அளவு முதலாம் படி. அதற்கு விலை கூடவில்லை. அதற்கு மேல் கொஞ்சம் தாராளமாகப் பாவிப்பவர்கள் இரண்டாம் படி. தோட்டத்துக்குக் குழாய் பிடித்து விடுகிறவர்கள், வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் மூன்றாம் படி. மூன்றாம் படிக்குள் போகும் தண்ணீருக்கு வறட்சிக் கட்டணம் என்று ஒன்றை மேலதிகமாகச் சேர்த்தேன். அது கடுமையானது. கடுமையாக இருக்கவேண்டும் என்றே போட்டேன். அந்த அட்டவணையை இப்போது பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.

சபைக் கூட்டத்தில் அதை நானே விளக்கவேண்டும் என்றார் ஆனந்தராசா. எழுந்து நின்றேன். நான் சொல்லத் தொடங்கியதும் ஒரு உறுப்பினர் காதில் கையை வைத்துக்கொண்டு, "மிஸ் குரலுக்கும் வறட்சிக் கட்டணம் போட்டிருக்கிறா போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வியர்த்துப் போனேன். ஆனால் சொல்லி முடித்தேன். முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மேசையில் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

ஐயா, நீங்கள் நாலு பேர் முன்னால் பேசிப் பழகிய ஆள். எனக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு விளங்காது. வீட்டில் சோறு போதும் என்று நான் சொன்னாலும் அண்ணிக்குக் கேட்காது, இன்னும் ஒரு அகப்பை போடுவார். அன்று நான் சொன்னது ஒரு ஊருக்குக் கேட்டது.

அட்டவணைக்குள் ஒரு எடுகோள் இருக்கிறது. ஒரு மீற்றர் என்றால் ஒரு வீடு. அது எல்லா இடத்திலும் சரியல்ல என்பதைக் கூட்டத்துக்குப் போக முன்பே கண்டுவிட்டேன். எங்கள் வீட்டிலேயே கண்டேன். அண்ணன் பின்பக்க அறைகளை ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டு குடும்பம், ஒரு மீற்றர். மூன்றாம் படிக்குள் போய்விடுவோம். ஆகவே பின்பக்கத்துக்கு வேறு மீற்றர் எடுக்கச் சொன்னேன். அண்ணன் எடுத்தார். இரண்டு மீற்றரும் முதலாம் படிக்குள் நின்றன. அது சட்டப்படி சரியான வழி. எல்லாருக்கும் திறந்திருந்த வழி. காணி உறுதிப் பத்திரம் இருந்தால் போதும்.

தக்கியா ஒழுங்கையில் உறுதி உள்ள வீடு ஒன்றுதான். அது றுக்கியாவின் வீடு.

உள்துறைமுகப் பக்கம் இறங்கும் சின்ன ஒழுங்கை அது. பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், வலைக்குப் போகிறவர்கள், முஸ்லிம்களும் தமிழரும் கலந்து இருந்தார்கள். அரசாங்கக் காணியில் குடியேறியவர்கள் என்பதால் அவர்களுக்குக் குழாய் கொடுக்கச் சட்டம் இல்லை. எல்லாரும் றுக்கியாவின் முற்றத்துக் குழாயில் எடுத்தார்கள். வறட்சிக் கட்டணத்தோடு முதல் பில் போனபோது அந்த முழு ஒழுங்கையின் தண்ணீரும் றுக்கியா என்ற ஒரு விதவை குடித்ததாகக் கணக்கில் வந்தது. மூன்றாம் படியின் உச்சியில் அவர் நின்றார். உப்புவெளியில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதிக்கு அடுத்தபடி அவர்தான்.

அவர் முறைப்பாடு செய்யவில்லை. காதிலிருந்ததை விற்றுக் கட்டினார். அடுத்த மாதமும் எப்படியோ கட்டினார். மூன்றாம் மாதம் கட்டவில்லை. மீற்றர் பார்க்கும் குஞ்சித்தம்பி வந்து என்னிடம் விஷயத்தைச் சொன்னார். ஆனந்தராசா, "போய்ப் பாரும் பிள்ளை. அந்த மனுசியை எல்லாரிட்டயும் பங்கு போட்டு வாங்கிக் கட்டச் சொல்லும்" என்றார்.

நான் போனது உச்சி வெயிலில். றுக்கியா முற்றத்தில் இடியப்பத் தட்டுகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். இடியப்பம் அவித்து விடிய விற்றுத்தான் சீவியம். என்னைக் கண்டதும் யாரென்று கேட்கவில்லை. "வெயிலுக்க வந்திருக்கீங்க மகள், இருங்க" என்று பானையின் மேல் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸை எடுத்துத் தண்ணீர் வார்த்துத் தந்தார். குழாய்த் தண்ணீர். பானைக்குள் குளிர்ந்து போயிருந்தது. குடித்து முடித்ததும் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். பங்கு போட்டு வாங்கலாம்தானே என்றேன்.

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "அது ஏலா மகள். இந்தக் குழாய் என்னக் கட்டின மாப்புள அபூதாஹிர் வச்சது. துறைமுகத்துல கால் முறிஞ்சு வீட்ட இருந்தாரு. அதுக்குக் கிடைச்ச காசு முழுக்க இதுல போட்டாரு. ஆரு வந்தாலும் தண்ணி இல்ல எண்டு சொல்லப்படாது எண்டு நிய்யத்து வச்சுத்தான் வச்சாரு. இது அவர்ட ஸதக்கா. அவரு மௌத்தாப் போனாலும் இந்தத் தண்ணி ஓடுமட்டும் அவருக்கு நன்மை போய்க்கிட்டிருக்கும். நான் காசு வாங்கினா அது நிண்டு போகும்."

"அப்ப ஒரு பூட்டுப் போட்டு உங்களுக்குத் தேவையானதை மட்டும் எடுங்கோ."

"தண்ணிக்குப் பூட்டா?" என்று கேட்டார். அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "கேட்டியா, தண்ணிக்குப் பூட்டுப் போடட்டாம்" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

றுக்கியாவுக்கு ஒரே பிள்ளை. பரீனா. நாலாம் வகுப்பு. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மீற்றரைக் காட்டினாள். கண்ணாடி வெயிலில் வெடிக்கும் என்று அதன் மேல் தென்னோலை போட்டு மூடியிருந்தாள். ஓலையை விலக்கி, பாவாடைத் தொங்கலால் கண்ணாடியைத் துடைத்து, இலக்கங்களைச் சத்தமாக வாசித்தாள். பிழையில்லை. ஒவ்வொரு பின்னேரமும் தானே பார்த்து உம்மாவுக்குச் சொல்வதாகச் சொன்னாள். நேற்றைக்கும் இன்றைக்கும் கழித்துப் பார்ப்பாளாம். கூடினால், அயலில் யார் உடுப்புத் தோய்த்தது என்று போய்க் கேட்டுச் சண்டை போடுவாளாம்.

"மிஸ், இது தண்ணியத்தானே எண்ணுது. ஆக்கள எண்ணாதா?"

"எண்ணாது."

"அப்ப எங்கட வீட்ட எத்தின பேர் குடிக்கிற எண்டு இதுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி என்றேன். இந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானம் வரும், விடாமல் படிக்க வையுங்கோ என்று றுக்கியாவிடம் சொன்னேன். அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல, ஐயா. நான் அந்தப் பிள்ளையை விரும்பினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கந்தோருக்குத் திரும்பி வந்து யோசித்தேன். ஒரு மீற்றரில் எத்தனை குடும்பம் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையால் படியைப் பெருக்கலாம். ஒரு பின்னேர வேலை. ஆனால் அதற்குச் சபைக்குப் போகவேண்டும். எழுந்து நின்று, நான் போட்டதில் ஒரு பிழை இருக்கிறது, அது எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லவேண்டும். மேசையில் தட்டியவர்கள் முன்னால். மழை வந்துவிட்டால் வறட்சிக் கட்டணம் தானாக நீங்கும். மூன்று நான்கு மாதம்தான். பொறுத்துக்கொள்ளக்கூடியது என்று எனக்குப் பட்டது.

அந்தக் கிழமை கடைத்தெருவில் ஒருவர் தன் குழாயில் வாளி வாளியாகத் தண்ணீர் விற்கிறார் என்று தெரியவந்தது. அதைத் தடுக்க ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். ஒருவரின் குழாய்த் தண்ணீருக்கு இன்னொருவரிடம் பணம் சேர்த்தால் அது விற்பனை. அந்தப் பணம் கட்டணமாக ஏற்கப்படாது. ஆனந்தராசா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகுதான் கதிராமன் வந்தார். றுக்கியாவின் ஒழுங்கையில் இருப்பவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கட்டணம் கட்டும் நாள் என்பதால் முன் அறை நிறையச் சனம்; புதுக் கட்டணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல நானும் அங்கே ஒரு மேசையில் இருந்தேன். அவர் லேஞ்சித் துணியில் முடிந்து கொண்டுவந்த காசை மேசையில் வைத்தார்.

"தக்கியா ஒழுங்கைக் காசு பிள்ளை. எல்லாரும் போட்டது. றுக்கியாக்காவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிஞ்சா எங்களைக் கொன்றுபோடும். அவ கட்டினதா எழுதிவிடுங்கோ."

அந்த விதியை அவருக்குச் சொன்னேன். பணம் சேர்த்தால் அது விற்பனை என்றேன்.

"இது விக்கிறதோ? விக்கிற ஆளுக்கே தெரியாம ஒரு வியாபாரமோ?"

பின்னால் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். கதிராமன் அவர்கள் பக்கம் திரும்பினார். அவருக்குப் பெரிய குரல்.

"இஞ்ச பாருங்கோ, ஒரு ஒழுங்கை முழுக்கக் குடிச்ச தண்ணியை ஒரு மனுசி தனியக் குடிச்சதாம். றுக்கியாக்கா என்ன, யானையோ? பிள்ளை, உம்மட கணக்குப் பிழை. படிச்ச பிள்ளை எண்டாலும் பிழை பிழைதான்."

முழு அறையும் சிரித்தது. மோசமான சிரிப்பு அல்ல, வெயிலில் நின்று களைத்த சனத்தின் சிரிப்பு. நான் லேஞ்சியை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். "ஏற்க ஏலாது" என்றேன். என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் கையைப் பார்த்தார். லேஞ்சியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு போனார்.

அவர் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னதற்கும் நான் பணத்தை ஏற்காததற்கும் தொடர்பு இல்லை. விதி விதிதான். அன்றே, செயலாளர் என்னிடம் விட்டிருந்த பொறுப்பின்படி, குழாயைப் பூட்டும் உத்தரவில் கையெழுத்து வைத்தேன்.

குஞ்சித்தம்பி நீளச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு போய், தெருக்கரையில் இருக்கும் வால்வைத் திருகி மூடிவிட்டு வந்தார். அவர் சபையில் பழைய ஆள், தகப்பன் வயது. வந்து என் அறை வாசலில் நின்றார்.

"பூட்டியாச்சு பிள்ளை. அந்த மனுசி எனக்குக் குடிக்கத் தண்ணி தந்திட்டுத்தான் விட்டுது. பானையில கடைசியாக் கிடந்தது." பிறகு என் கதிரைக்குப் பின்னால் பார்த்தார். "இனி அதுகள் கிணத்துக்குத்தான் போகுங்கள். இந்தப் பலகையை நட வேணாமோ?"

"பாப்பம்" என்றேன்.

"உங்கட குடைக்கு இடமில்லாமப் போயிடும் எண்டு பாக்கிறியளோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

பலகையைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். அதை ஒளித்து வைக்கவில்லை, ஐயா. என் அறைக்கு வந்த எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குத் தந்த முதல் வேலை பொதுக் கிணறுகளைச் சோதிப்பது. கிணற்றுத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஒரு கரைசலோடு விட்டு, பல்ப் எரியும் பெட்டிக்குள் இளஞ்சூட்டில் வைப்போம். மலம் கலந்த தண்ணீர் என்றால் குழாய்க்குள் காற்றுக் குமிழ் கட்டும். தக்கியா ஒழுங்கையின் முடிவில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. அதற்கு மேட்டில் மலக்குழிகள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் விட்ட கண்ணாடிக் குழாய்கள் எல்லாவற்றிலும் குமிழ் நின்றது. பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. அவ்வளவு மோசமான தண்ணீரை நான் அதற்கு முன் கண்டதில்லை. இந்தத் தண்ணீர் குடிக்க உதவாது என்று குஞ்சித்தம்பி தகரத்தில் எழுதினார். அழகான எழுத்து. ஆனால் அப்போது அந்தக் கிணற்றில் யாரும் குடிக்கவில்லை. றுக்கியாவின் குழாய் இருந்தது. உடுப்புத் தோய்க்க மட்டும் அள்ளினார்கள். ஆகவே நட அவசரம் இருக்கவில்லை. பலகை என் அறையிலேயே நின்றுவிட்டது.

குழாயைப் பூட்டிய பிறகு ஏன் நடவில்லை என்பது உங்கள் கேள்வி. சொல்கிறேன். பலகையை நட்டால், அப்ப நாங்கள் எதைக் குடிக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் ஒன்றுதான், குழாயைத் திறக்கவேண்டும். கட்டணம் கட்டாமல் ஒரு ஒழுங்கைக்குத் திறந்தால் நாளைக்கு எல்லா ஒழுங்கையும் வரும். குளத்தில் கிடந்த தண்ணீர் இந்த நகரம் முழுவதுக்குமானது. பல்லாயிரம் பேரை ஒரு தட்டிலும் ஒரு ஒழுங்கையை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் தாழ்ந்தது என்று உங்களுக்கே தெரியும். சனம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் என்றும் நினைத்தேன். அந்த வீடுகளில் விறகு விலைக்கு வாங்குகிறார்கள் என்பதை நினைக்கவில்லை.

அந்த மாதம் பாவிப்பு நன்றாகக் குறைந்தது. தெற்கே ஒரு சபை, இங்கே போட்டது போல் தங்களுக்கும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டது. ஆனந்தராசா கந்தோருக்கு வாழைப்பழமும் கேக்கும் வாங்கிக் கொடுத்தார். "எங்கட பிள்ளையின்ர மூளை இப்ப ஏற்றுமதி" என்றார். நான் பஸ்ஸில் அங்கே போய் விளக்கினேன். அன்று என் குரல் பின்வரிசை வரைக்கும் கேட்டது. யாரும் காதில் கை வைக்கவில்லை. அந்த நாள் என் வாழ்க்கையில் நல்ல நாள் என்று இப்போதும் சொல்வேன். பிறகு நடந்ததற்காக அந்த நாளை மாற்ற ஏலாது.

திரும்பி வந்த அன்று குஞ்சித்தம்பி சொன்னார். "அந்தப் பெட்டை, றுக்கியாவின்ர மகள், இப்பவும் பின்னேரத்தில ஓலையை விலக்கி மீற்றரைப் பாக்குது. துடைக்குது. துடைச்சுப்போட்டு, 'உம்மா, கூடேல்ல' எண்டு சொல்லுது."

வேறு ஒன்றும் சொன்னார். ஒழுங்கையில் வாந்திபேதி. ஒரு கைக்குழந்தை அன்று காலை செத்துவிட்டது.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்தார். இளம் ஆள், ஊருக்குப் புதிது. தண்ணீர்ப் பகுதியில் விஞ்ஞானம் படித்தவள் நான் ஒருத்திதான் என்று என்னிடம் யோசனை கேட்டார். அந்த ஒழுங்கையில் எல்லாரும் பொதுவாகச் சாப்பிடுவது அல்லது குடிப்பது ஏதும் உண்டோ என்றார்.

அவர் என் மேசைக்கு முன்னால் இருந்தார். பலகை எனக்குப் பின்னால் நின்றது. எழுத்துப் பக்கம் சுவரோடு இருந்தது. குடை தொங்கிக்கொண்டிருந்தது.

"அங்க ஒரு மனுசி இடியப்பம் அவிச்சு விக்கிறா" என்றேன். "அதாக இருக்கலாம்."

இருக்கலாம் என்றுதான் சொன்னேன். அது பொய் அல்ல. அந்த இடியப்பமும் அதே தண்ணீரில் குழைத்த மாதான். அவர் போய் றுக்கியாவின் தட்டுகளை எடுத்துச் சென்று, அடுப்பை அணைக்க வைத்தார். சனம் றுக்கியாவை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் வார்த்துக் கொடுத்ததை வாங்கிக் குடித்தே வளர்ந்தவர்கள், அவர் வாசலுக்கு வராமல் நின்றார்கள். குழாயும் இல்லை, இடியப்பமும் இல்லை. கிணறு மட்டும் திறந்திருந்தது. அந்த நாட்களில் கதிராமனின் தாய் போனார். மூன்றாவது, பரீனா.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், தாகம், தாகம் என்று கேட்டதாம். றுக்கியா போத்தலில் தண்ணீர் கொண்டு போயிருந்தார். வழிநெடுக அதைத்தான் கொடுத்தார்.

 எனக்குக் கவலை இல்லை என்று நினைக்கவேண்டாம். வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் அழுதிருக்கிறேன். அந்தப் பிள்ளையை நானே கணக்குப் படிப்பித்து மேலே கொண்டுவந்திருக்கலாம் என்று நினைத்தும் அழுதிருக்கிறேன். ஆனால் கவலையும் குற்றமும் ஒன்றல்ல.

பரீனாவை அடக்கிய மறுநாள் காலை, குஞ்சித்தம்பி என் அறைக்குள் வந்தார். வழமைபோல ஒரு பகிடியும் விடவில்லை. பலகையிலிருந்து குடையைக் கழற்றி என் மேசையில், கட்டண அட்டவணைக்கு மேல் வைத்தார். பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனார். போகும் வழியில் யாரையும் கேட்காமல் வால்வையும் திறந்துவிட்டார். அதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அறிகிறேன். அது சரியல்ல. அவரைப் பற்றி நல்லதாக எழுதுங்கள்.

ஆக, நான் செய்தது இவ்வளவு. பிழை என்று தெரிந்த கட்டணத்தைப் போட்டேன். அதைத் திருத்த வழி தெரிந்தும் திருத்தவில்லை. ஒழுங்கை சேர்த்துக் கொடுத்த காசைத் திருப்பி அனுப்பினேன். குழாயைப் பூட்டக் கையெழுத்து வைத்தேன். பலகையை வைத்திருந்தேன். கேட்க வந்தவருக்கு இடியப்பத்தைக் காட்டினேன். இவற்றில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். ஒழுங்கையில் சனம் அந்தக் கிணற்றில் குடித்துக்கொண்டிருந்தபோது, அது கெட்ட தண்ணீர் என்று எனக்கு உறுதியாகத் தெரியுமா என்று. உறுதியாகத் தெரியாது, ஐயா. சோதனை ஒரு வருடப் பழையது. ஒரு வருடத்தில் கிணறு மாறலாம். வறட்சியில் மலக்குழிகளும் வற்றியிருக்கலாம். புதிதாகச் சோதிக்காமல் ஒரு கிணற்றைக் குற்றம் சொல்வது விஞ்ஞானம் ஆகாது. அதனால்தான் வாய் திறக்கவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள் அல்ல.

பரீனாவை அடக்கிய அன்று பின்னேரம், மையத்து வீட்டுக்கு நானும் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஆண்கள் மையவாடியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. உள்ளே பெண்கள் பாயில் இருந்தார்கள். குழாய் அன்று இன்னும் பூட்டித்தான் இருந்தது; முற்றத்தில் மீற்றரின் மேல் ஓலை அப்படியே கிடந்தது. றுக்கியா சுவரோடு சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஏலவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. இடியப்பம்தான் தன் பிள்ளையைக் கொன்றது, தன் கைதான் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருந்தார். கையை மடியில் மறைத்து வைத்திருந்தார்.

"வெயிலுக்க வந்திருக்கீங்க மகள்" என்றார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "அவக்குத் தண்ணி குடுங்க" என்றார்.

அந்தப் பெண் பானையின் மேல் கவிழ்த்திருந்த கிளாஸை எடுத்துத் தண்ணீர் வார்த்து என் கையில் தந்தாள். மற்றப் பெண்களுக்கும் வார்த்துக் கொடுத்தாள். அவர்கள் குடித்தார்கள். ஒருத்தி மடியில் கிடந்த பிள்ளைக்கும் பருக்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு, யாரும் பார்க்காத நேரம், கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதில் ஒன்றும் இல்லை, ஐயா. முதலிலேயே சொன்னேன், எனக்குத் தண்ணீர் அதிகம் குடிக்கும் பழக்கம் இல்லை.